நாடகத்தின் பெயரை விட்டுவிட்டீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் நாளிதழில் கல்லூரிகளுக்கு இடையிலான நாடக விழா பற்றி ஒரு செய்தி வந்திருந்தது. நாடகத்துக்குப் பத்திரிகையில் இடம் கிடைப்பதே அபூர்வம் என்பதால் பார்த்ததும் சந்தோஷம்தான், குறை சொல்ல மனம் வரவில்லை. இரண்டாவது தடவை படித்தபோதுதான் ஏதோ இடறியது. கோப்பையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் மாணவர்களின் படம், தலைமை விருந்தினர் பேசியதிலிருந்து நான்கு வரி, முதல் மூன்று இடம் பிடித்த கல்லூரிகள், சிறந்த நடிகர், சிறந்த நடிகை. அவ்வளவுதான். அந்தப் பிள்ளைகள் போட்ட நாடகம் எதைப் பற்றியது, யார் எழுதியது, அதெல்லாம் போகட்டும், அதன் பெயர் என்ன? அதுகூட இல்லை.

இதை எழுத எனக்குச் சொந்தக் காரணம் ஒன்று இருக்கிறது, மறைக்கவில்லை. என் அக்கா மகள் அந்த விழாவில் கலந்துகொண்டாள். அவள் குழுவுக்குப் பரிசு எதுவும் கிடைக்கவில்லை. அந்த எரிச்சலில் எழுதுகிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் உண்மைதான். ஆனால் அவளுக்கு வருத்தம் பரிசைப் பற்றியதில்லை. "சித்தி, ஆறு வாரம் ஒத்திகை பார்த்தோம். நடித்தோம், கை தட்டினார்கள், இறங்கினோம். சாயங்காலம் பட்டியல் வாசித்தார்கள், எங்கள் பெயர் இல்லை. நல்லா இருந்ததா இல்லையா என்று ஒருத்தரும் சொல்லவில்லை" என்றாள். மதிப்பெண் தாளைப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, நடுவர் முடிவே இறுதியானது என்று விதிமுறைத் தாளில் இருந்த வரியைக் காட்டினார்களாம். முடிவை மாற்றச் சொல்லி யார் கேட்டார்கள்?

நானும் கல்லூரி நாட்களில் ஒரு நாடக விழாவுக்குப் போனவள்தான். நடிக்கவில்லை. மேடைப் பொருட்களுக்குப் பொறுப்பு, அதாவது நாற்காலி தூக்குகிற வேலை. நடிக்கிறவர்களுக்கு விழா என்றால் வெளிச்சம், எங்களுக்கு அது பக்கத்திரைக்குப் பின்னால் இருட்டில் தடவித் தடவி நடப்பது.

அந்த நாளை அப்படியே சொல்கிறேன், ஏனென்றால் கலந்துகொண்டவர்களைத் தவிர வேறு யாருக்கும் இது தெரிவதில்லை. எங்களுக்குக் கொடுத்த நேரம் 30 நிமிடம். 25-ஆவது நிமிடத்தில் ஒரு மணி, 30-இல் இரண்டு மணி, அதற்கு மேல் போனால் மதிப்பெண் குறைப்பு. ஒத்திகையில் கடிகாரம் வைத்துப் பார்த்தபோது நாடகம் 27 நிமிடம் ஓடியது, மூன்று நிமிடம் கையில் இருக்கிறது என்ற தைரியத்தில் போனோம். நாங்கள் கணக்கில் எடுக்காமல் விட்டது சிரிப்பை. வகுப்பறையில் மேசைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு ஒத்திகை பார்க்கும்போது யாரும் சிரிக்க மாட்டார்கள், எல்லோருக்கும் எல்லா வசனமும் மனப்பாடம். அரங்கு நிறைய ஆட்கள் உட்கார்ந்திருக்கும்போது முதல் காட்சியிலேயே சிரித்தார்கள், நாங்கள் எதிர்பார்க்காத இடத்தில். சிரிப்பு அடங்கும்வரை அடுத்த வசனத்தைச் சொல்ல முடியாது, சொன்னால் யாருக்கும் கேட்காது. இப்படி ஒவ்வொரு தடவையும் சில விநாடிகள் காத்து நின்றதில் கையிருப்பு மூன்று நிமிடமும் பாதி நாடகத்திலேயே கரைந்துவிட்டது. 25-ஆவது நிமிட மணி அடித்தபோது, நாங்கள் 21-ஆவது நிமிடத்தில் பேச வேண்டியதைப் பேசிக்கொண்டிருந்தோம். முதல் தடவை விழாவுக்குப் போகிற எந்தக் குழுவுக்கும் இதை மட்டும் சொல்வேன்: 30 நிமிட நாடகத்தை 25 நிமிடத்துக்குள் எழுதுங்கள், மீதி பார்வையாளர்களுடையது.

மேடையின் அளவு இன்னொரு கதை. வகுப்பறைத் தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, இதுதான் மேடை என்று ஆறு வாரம் பழகியிருந்தோம். அங்கே போய்ப் பார்த்தால் அது எங்கள் கோட்டைப் போல இரண்டு மடங்கு. கதவிலிருந்து மேசைக்கு நாலு எட்டில் வந்து பேச வேண்டிய பையன் ஒன்பது எட்டு நடந்தான், அந்த ஐந்து எட்டுக்கும் பேச வசனம் இல்லாமல் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நடந்தான். ஒளியமைப்புக்கென்று தனியாக ஒத்திகை நேரம் கிடையாது. விளக்கு இயக்குபவரிடம் ஒரு தாளை நீட்டி, இந்த வசனம் வந்ததும் அணைக்க வேண்டும், அந்தப் பாட்டு தொடங்கியதும் ஏற்ற வேண்டும் என்று ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டு ஓடினோம். அவரும் காலையிலிருந்து பதினோரு குழுவின் தாளை வாங்கி வைத்திருந்தார், பாவம். எங்கள் தாளை அவர் பார்த்தாரா என்பதே சந்தேகம். கடைசிவரை எல்லா விளக்கும் எரிந்துகொண்டேதான் இருந்தது. நள்ளிரவுக் காட்சியும் பட்டப்பகலில் நடந்தது.

சரி, நாற்காலிக்கு வருகிறேன்.

எங்கள் நாடகம் ஒரு அப்பாவையும் மகளையும் பற்றியது. அம்மா இறந்து சில மாதம் ஆன வீடு. மேடையில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி. முதல் காட்சியில் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் வந்து உட்கார்ந்து போவார், அவருக்காக மூன்றாவது நாற்காலி ஒன்று. அந்தக் காட்சி முடிந்து விளக்கு அணைந்ததும் நான் போய் அந்த நாற்காலியை எடுத்துவந்துவிட வேண்டும். விளக்கு அணையவில்லை என்றுதான் சொன்னேனே. இவ்வளவு வெளிச்சத்தில் நான் எப்படிப் போவது? பக்கத்திரை ஓரமாக நின்று தவித்துக்கொண்டிருந்தேன். நாற்காலி அங்கேயே நின்றது, மேசையோடு, நாடகம் முடியும்வரை. அப்பாவும் மகளும் அதைச் சுற்றிச் சுற்றி நடந்து பேசிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு நடந்த அத்தனை சொதப்பலிலும் என் கணக்கில் விழுந்தது அது ஒன்றுதான், ஆனால் அது போதும் என்று தோன்றியது.

எங்களுக்கும் பரிசு இல்லை. எல்லோருக்கும் கொடுக்கும் பங்கேற்புச் சான்றிதழ் மட்டும். பொருட்களைக் கட்டிக்கொண்டு நடைபாதையில் நின்றபோது நடுவர்களில் ஒருவர் அந்தப் பக்கமாக வந்தார். எங்கள் இயக்குநர், அவனும் மாணவன்தான், தயங்கித் தயங்கிக் கேட்டுவிட்டான். அவர் நின்றார். யோசித்தார். அப்புறம், "அந்தக் காலி நாற்காலி அம்மாவுடையதுதானே?" என்றார். எங்கள் எல்லோருக்கும் வாய் அடைத்துவிட்டது. "நல்ல யோசனை. நானும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் அப்பாவோ மகளோ ஒரு தடவைகூட அதைப் பார்க்கவில்லையே, அது ஏன்? வேண்டுமென்றேதான் பார்க்காமல் இருக்கிறார்கள் என்றால் அது எனக்குத் தெரிய வேண்டும். உட்காரப் போய் நிறுத்திக்கொள்ளலாம், துணியை அதன்மேல் போடப் போய்க் கையை இழுத்துக்கொள்ளலாம். வைத்துவிட்டு மறந்துவிட்ட மாதிரி இருக்கிறது" என்றார்.

மறந்துவிட்ட மாதிரிதான் இருக்கிறது என்று அவர் கண்டுபிடித்துவிட்டார், ஆனால் எதை மறந்தோம் என்று அவருக்குத் தெரியாது. யாரும் உண்மையைச் சொல்லவில்லை. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து நிமிடம் இருக்கும், அவர் பேசியது. வசனத்தைப் பற்றிச் சொன்னார், அப்பாவாக நடித்தவன் ஒவ்வொரு முறை கோபப்படும்போதும் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறான் என்றார். கடைசிக் காட்சியை அவசரமாக முடித்தது தெரிந்தது என்றார். திரும்பும் வழி முழுக்கப் பேருந்தில் நாங்கள் பேசிக்கொண்டு வந்தது யார் ஜெயித்தார்கள் என்பதைப் பற்றியில்லை, அந்த நாற்காலியைப் பற்றித்தான். மேடையில் ஒரு பொருளை வைத்தால் பார்க்கிறவர்கள் அதற்கு ஒரு காரணத்தைத் தாங்களாகவே தேடிக்கொள்வார்கள் என்பதை எந்த வகுப்பிலும் எனக்கு யாரும் இவ்வளவு தெளிவாகப் புரியவைத்ததில்லை. அடுத்த ஆண்டு அதே நாடகத்தை மறுபடி போட்டோம், மூன்றாவது நாற்காலியோடு. இந்தத் தடவை மகள் ஒரு முறை அதைத் துடைத்தாள். அவ்வளவுதான் மாற்றம்.

அந்த நடுவர் அன்றைக்கு வேறு வழியாகப் போயிருந்தால்? என் அக்கா மகளுக்கு நடந்தது அதுதான்.

பங்கேற்கிற மாணவர்களுக்கு நாடக விழாவால் கிடைக்கக்கூடிய பெரிய விஷயம், தங்களைத் தெரியாத ஒருவர் வந்து உட்கார்ந்து தங்கள் நாடகத்தைப் பார்ப்பது. சொந்தக் கல்லூரியில் போட்டால் கை தட்டுவது நண்பர்கள். அவர்களுக்கு நாடகம் பிடித்ததா, மேடையில் இருக்கும் சினேகிதனைப் பிடித்ததா என்று பிரிக்கவே முடியாது. விழாவில்தான் முன்பின் தெரியாத கண் கிடைக்கிறது. அந்தக் கண் என்ன பார்த்தது என்று சொல்லாமலே மாணவர்களை அனுப்பிவிட்டால், அவ்வளவு தூரம் பயணம் செய்து வந்ததற்கு என்ன பொருள்? ஒரு தாளில் நடிப்புக்கு 30-க்கு 17 என்று எழுதி, அதையும் காட்டாமல் பூட்டி வைப்பதை விட அந்த நடைபாதைப் பேச்சு எத்தனையோ மடங்கு மேல்.

இது நடக்காத காரியமும் இல்லை. பிரிட்டனில் மாணவர்களுக்கான தேசிய நாடக விழா 1956-இல் தொடங்கியது. தொடங்கியதில் முக்கியப் பங்கு யாருடையது என்று நினைக்கிறீர்கள்? ஒரு பத்திரிகையுடையது, லண்டனின் சண்டே டைம்ஸ். அதன் நாடக விமர்சகர் ஹெரால்ட் ஹாப்சனும் தொடக்கத்திலிருந்தே அதில் இருந்தார். அந்த விழாவில் நாடகங்களைப் பார்த்த பிறகு மாணவர்களும் நாடகக்காரர்களும் ஒன்றாக உட்கார்ந்து விவாதிப்பது வழக்கமாகிவிட்டது. விழாவுக்கென்றே ஒரு இதழும் நடத்துகிறார்கள், முந்தைய நாள் நாடகத்தைக் கிழிகிழியென்று கிழித்து மாணவர்களே விமர்சனம் எழுதுவார்கள். அந்த இதழின் பெயர் நாய்சஸ் ஆஃப், மேடைக்கு வெளியிலிருந்து சத்தம் வர வேண்டிய இடத்தில் நாடகப் பிரதியில் எழுதும் குறிப்பு அது. மேடைக்குப் பின்னால் நின்றவள் என்பதால் அந்தப் பெயர் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அமெரிக்காவில் வாஷிங்டனின் கென்னடி கலை மையத்தின் முயற்சியில் கல்லூரி நாடக விழா ஒன்று 1969-இல் தொடங்கப்பட்டது. அங்கே ஒரு கல்லூரி தன் நாடகத்தைப் பதிவு செய்தால், பார்ப்பதற்கென்று வெளியிலிருந்து ஆள் வருவார், பார்த்து முடித்ததும் நடித்தவர்கள், இயக்கியவர், விளக்குப் போட்டவர், உடை தைத்தவர் எல்லோரையும் உட்காரவைத்துப் பேசுவார். அவருக்கு நடுவர் என்று பெயரில்லை, பார்த்ததற்குப் பதில் சொல்பவர் என்றுதான் பெயர். ஒரே ஒரு சொல்லை மாற்றியதில் வேலையே மாறிவிடுகிறது பாருங்கள். நடிப்புக்கு மட்டுமல்லாமல் மேடை வடிவமைப்பு, மேடை நிர்வாகம் போன்றவற்றுக்கும் அங்கே தனி அங்கீகாரம் உண்டு. உங்கள் செய்தியில் நடிகர், நடிகை தவிர வேறு ஒருவர் பெயரும் இல்லை என்பதை இந்த இடத்தில் நினைவுபடுத்துகிறேன், நாற்காலி தூக்கியவர்கள் சார்பில்.

எல்லா நடுவருக்கும் பேசத் தெரியாதே, மனம் நோகப் பேசிவிட்டால் பிள்ளைகள் உடைந்துபோவார்களே என்று சில ஏற்பாட்டாளர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். நியாயமான பயம்தான். பத்தொன்பது வயதில் நூறு பேர் முன்னால் ஒருவர் உனக்கு நடிப்பே வராது என்று சொல்லிவிட்டால் அது பல வருஷம் உள்ளேயே கிடக்கும். இதற்கும் வழி யோசித்திருக்கிறார்கள். லிஸ் லெர்மன் என்ற அமெரிக்க நடன இயக்குநர் 1990-இல் ஒரு முறையை வகுத்தார், நடனம் தாண்டி நாடகக்காரர்களும் அதை எடுத்துக்கொண்டார்கள். முதலில் பார்த்தவர்கள் தங்கள் மனதில் நின்றது எது என்று மட்டும் சொல்ல வேண்டும். அடுத்து, படைத்தவர்கள் தங்களுக்குச் சந்தேகம் இருக்கிற இடத்தைப் பற்றிக் கேள்வி கேட்பார்கள். மூன்றாவதாகப் பார்த்தவர்கள் கேட்பார்கள், ஆனால் கேள்வியில் தீர்ப்பு ஒளிந்திருக்கக் கூடாது. ஏன் இவ்வளவு இருட்டு என்று கேட்டால் அது கேள்வியில்லை, திட்டு. வெளிச்சம் எப்படி இருக்க வேண்டும் என்று எதை வைத்து முடிவு செய்தீர்கள் என்று கேட்கலாம். கருத்து சொல்வது கடைசியில்தான், அதுவும் இதைப் பற்றி எனக்கு ஒரு கருத்து இருக்கிறது, சொல்லலாமா என்று கேட்டு, அவர்கள் சரி என்றால் மட்டும். என் நடைபாதை நடுவருக்கு இந்த முறையெல்லாம் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் யோசித்துப் பார்த்தால், அவர் தொடங்கியதும் மனதில் நின்ற ஒன்றைச் சொல்லித்தான், அப்புறம்தான் ஏன் என்று கேட்டார்.

நேரம் இல்லை என்பார்கள். ஒரே நாளில் பதினான்கு குழுவை மேடையேற்றினால் எப்படி நேரம் இருக்கும்? எட்டுக் குழுவை எடுங்கள், ஒவ்வொரு நாடகத்துக்கும் பிறகு பதினைந்து நிமிடம் பேசுங்கள். விளக்கைச் சரிபார்க்கவும் குழுவுக்குப் பத்து நிமிடம் மிஞ்சும். தொடக்க விழாவிலும் பரிசளிப்பிலும் பேசுகிறவர்களின் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்தாலே இதில் கணிசமான நேரம் கிடைத்துவிடும், இதை நான் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த அனுபவத்தில் சொல்கிறேன். மாணவர்களுக்கு மட்டும்தானே மணி அடிக்கிறார்கள்.

போட்டியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போட்டி என்றால்தான் பல பேர் ஒழுங்காக ஒத்திகைக்கே வருவார்கள், எனக்குத் தெரியும். நாடகமும் போட்டியும் நேற்று சேர்ந்தவையும் அல்ல. கிறிஸ்து பிறப்பதற்கு ஐந்து நூற்றாண்டு முன்பே ஏதென்ஸில், மதுவின் கடவுளான தியோனிசஸுக்கு எடுத்த விழாவில் நாடகாசிரியர்கள் போட்டி போட்டார்கள். அவர்கள் நடுவர் தீர்ப்பை எவ்வளவு நம்பினார்கள் என்பதுதான் வேடிக்கை. பத்துக் குலத்திலிருந்து குலத்துக்கு ஒருவராகச் சீட்டுக் குலுக்கிப் பத்து நடுவர்களை எடுப்பார்கள். பத்துப் பேரும் தீர்ப்பு எழுதிக் குடத்தில் போடுவார்கள். அதிலிருந்து ஐந்தை மட்டும் உருவி எடுத்து, அந்த ஐந்தை வைத்து முடிவு சொல்வார்கள். யாராவது நடுவரைச் சரிக்கட்ட நினைத்தாலும் எந்தத் தீர்ப்பு வெளியே வரும் என்று தெரியாது அல்லவா. முடிவில் அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு என்பதை அவர்கள் ஒளிக்கவில்லை. நாம்தான் இறுதியானது என்று அச்சடித்துக் கொடுக்கிறோம்.

இன்னொன்றும் செய்தார்கள் அவர்கள். அந்தப் போட்டிகளின் முடிவுகளைக் கல்லில் வெட்டி வைத்தார்கள், உடைந்த துண்டுகள் இன்றும் கிடைக்கின்றன. முதலில் வந்தவர் மட்டுமல்ல, இரண்டாவதாக, மூன்றாவதாக வந்தவரும் அதில் இருக்கிறார்கள். அவர்கள் போட்ட நாடகத்தின் பெயர் இருக்கிறது. முக்கிய வேடத்தில் நடித்தவர் பெயரும் இருக்கிறது. கல்லில் உளி கொண்டு ஒவ்வொரு எழுத்தாக வெட்ட வேண்டியிருந்தவர்களுக்கு நாடகத்தின் பெயருக்கு இடம் இருந்திருக்கிறது. உங்கள் நாளிதழில் இல்லாமல் போனதுதான் எனக்குத் தாங்கவில்லை.

என் அக்கா மகளின் நாடகத்துக்கு வருகிறேன். ஒரு மின்தூக்கி பாதியில் நின்றுபோய் உள்ளே மாட்டிக்கொண்ட நான்கு பேர். தரையில் ஒட்டிய ஒரு சதுரம்தான் மின்தூக்கி, கதவு கிடையாது, சுவர் கிடையாது. 28 நிமிடமும் நான்கு பேரும் அந்தச் சதுரத்தை விட்டு வெளியே காலை வைக்கவில்லை. அவ்வளவு பெரிய மேடையில் அந்தச் சின்ன இடத்தில் முட்டிக்கொண்டு நின்றார்கள், பார்க்கிற எனக்கே மூச்சு முட்டியது. நடுவில் கொஞ்சம் தொய்வு இருந்தது, ஒருவன் தன் கதையைச் சொல்லத் தொடங்கியதும் நாடகம் பிரசங்கமாகிவிட்டது, வீட்டுக்கு வந்ததும் அதை அவளிடம் சொன்னேன். முகம் சுருங்கியது, அப்புறம் நோட்டை எடுத்துவந்து எந்த வசனத்திலிருந்து என்று கேட்டாள். அரைமணி நேரம் உட்கார்ந்தோம். ஆனால் நான் அவள் சித்தி. நான் சொல்வதை அவள் பாதிதான் நம்புவாள், அதுதான் சரியும்கூட.

உங்களிடம் நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. அடுத்த முறை விழா நடக்கும்போது செய்தியாளரைப் பரிசளிப்பு நேரத்துக்கு அனுப்பாமல் காலையில் முதல் நாடகத்துக்கே அனுப்புங்கள். ஏதாவது மூன்று நாடகத்தைப் பார்க்கட்டும், பரிசு வாங்கியதாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. ஒவ்வொன்றைப் பற்றியும் ஐந்து வரி எழுதட்டும், பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்றே எழுதட்டும். கோப்பைப் படத்தைக் கொஞ்சம் சின்னதாகப் போட்டால் இடம் வந்துவிடும். உட்கார இடம் கிடைக்குமா என்ற கவலையே வேண்டாம், காலை ஒன்பது மணி நாடகத்துக்கு முன்வரிசை முழுக்கக் காலியாகத்தான் இருக்கும்.

பின்குறிப்பு: அந்த மின்தூக்கி நாடகத்தின் பெயர் 'நான்காவது தளம்'.

இப்படிக்கு,
நாற்காலி எடுக்க மறந்த ஒரு வாசகி